குழு நேர்காணல்: ஒரே அறையில் எட்டு பேர், யாரை எப்படிப் பார்ப்பது?

(இணைய மன்ற உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நடுமேசை

வணக்கம் நண்பர்களே. வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு 12 பேரை எடுக்க வேண்டும். விண்ணப்பங்களைச் சலித்ததில் 60 பேர் நிற்கிறார்கள். எல்லோரையும் தனித்தனியாக உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேச எங்களிடம் ஆளும் இல்லை, நாளும் இல்லை. அதனால் முதல் சுற்று குழு நேர்காணல் என்று முடிவாகிவிட்டது. நடத்தும் பொறுப்பு என் தலையில்.

போன வருடமும் நான்தான் நடத்தினேன். அதைச் சொன்னால்தான் என் கவலை புரியும். நீள மேசை, எட்டு பேர், சுவரோரமாக நாங்கள் மூவர். "புகார்களைக் குறைக்க என்ன செய்யலாம், பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைப் பலகைக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் முதல் நிமிடத்திலேயே எழுந்து மார்க்கரை எடுத்தார். கடைசிவரை அதைக் கீழே வைக்கவில்லை. எங்கள் மூவர் தாளிலும் அவர் பெயருக்கு நேரே "தலைமைப் பண்பு" என்று இருந்தது. சேர்ந்த மூன்றாம் மாதம், அவருடைய அழைப்புப் பதிவுகளைக் கேட்ட மேற்பார்வையாளர் என்னிடம் வந்தார். வாடிக்கையாளர் சொல்லி முடிக்கும் முன்பே இவர் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறாராம். அன்றைக்கு அந்த அறையிலும் அவர் அதைத்தான் செய்தார். நாங்கள் அதற்கு மதிப்பெண் போட்டோம்.

அதே குழுவில் இரண்டே முறை வாய் திறந்த ஒரு பெண்ணை வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். ஆறு மாதம் கழித்து எங்கள் நிறுவனத்தின் வேறொரு பிரிவு அவரைத் தனி நேர்காணலில் எடுத்தது. இன்று அங்கே சிக்கலான புகார் எது வந்தாலும் அவர் மேசைக்குத்தான் போகிறது. படிக்கட்டில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்துகிறது.

இந்த முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கோப்பு

முதலில் ஒரு தெளிவு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு விண்ணப்பதாரர், எதிரே நாலைந்து பேர் என்றால் அது பேனல். பல விண்ணப்பதாரர்கள் ஒரே நேரத்தில் ஒரே அறையில் என்றால்தான் நீங்கள் கேட்பது. இரண்டுக்கும் தயாரிப்பு வேறு.

அடுத்தது, இந்த வேலைக்கு இது தேவையா? நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து கணக்கு சரிபார்க்கும் ஆளுக்குக் குழு நேர்காணல் வைத்தால், அந்த வேலைக்கு வேண்டாத ஒன்றை அளக்கிறோம். உங்களுடையது சேவைப் பிரிவு. கேட்பது, இடையில் மாட்டிய தகவலைப் பிடிப்பது, பக்கத்து மேசைக்காரரிடம் கைமாற்றுவது எல்லாம் அங்கே தினசரி வேலை. எனவே பொருந்துகிறது. ஆனால் 60 பேர் இருக்கிறார்கள், நேரம் மிச்சமாகும் என்பது மட்டுமே காரணம் என்றால் வேண்டாம் என்பேன். சரியாகச் செய்தால் அவ்வளவு நேரம் மிச்சமாகாது.

மூன்று நாற்காலி

நான் பதினோரு வருடமாக இதைச் செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மார்க்கர்காரர் விஷயத்தில் உங்களை நீங்களே ரொம்ப நொந்துகொள்ள வேண்டாம். சிறு குழுவில் யார் அதிக நேரம் பேசுகிறாரோ அவரையே மற்றவர்கள் தலைவராகப் பார்க்கிறார்கள், என்ன பேசினார் என்பது அதற்குப் பிறகுதான். 2020ல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. பேசுபவரின் அறிவுத்திறனையும் குணத்தையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், பேசிய நேரத்துக்கும் தலைவராகத் தெரிவதற்கும் இருந்த தொடர்பு போகவில்லை. மனிதக் கண் அப்படித்தான் பார்க்கும். அந்தக் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்காமல் சும்மா உட்கார வைத்ததுதான் தவறு.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கும். 1942ல் பிரிட்டிஷ் ராணுவம் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கப் புதிய தேர்வு வாரியங்களை அமைத்தது. அங்கே வில்ஃப்ரெட் பியன் என்ற மனநல மருத்துவர் 'தலைவர் இல்லாத குழு' என்ற சோதனையைக் கொண்டுவந்தார். சில பேரிடம் ஒரு வேலையைக் கொடுப்பார்கள், யாரையும் தலைவராக நியமிக்க மாட்டார்கள். யார் சத்தமாகக் கட்டளையிடுகிறார் என்று பார்ப்பது அவர் நோக்கமல்ல. தான் தேர்வாக வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம் இழுக்கும், குழு வேலை முடிய வேண்டும் என்ற தேவை இன்னொரு பக்கம் இழுக்கும். அந்த இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதே பார்க்க வேண்டியது. இந்தியா உட்படப் பல நாடுகளின் படைத் தேர்வுகளில் குழுச் சோதனை இன்றும் இருக்கிறது. அலுவலகங்களுக்கு வந்தபோது அறையும் ஆட்களும் வந்துவிட்டார்கள், அந்தக் கேள்வி மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

அதனால் முதல் விதி. "இந்த அறையிலிருந்து இரண்டு பேரைத்தான் எடுப்போம்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள், மனசுக்குள்ளும் வைத்துக்கொள்ளாதீர்கள். வந்த எல்லோரும் தகுதியானவர் என்றால் எல்லோரும் அடுத்த சுற்றுக்குப் போகலாம், ஒருவரும் இல்லையென்றால் ஒருவரும் இல்லை. அதைத் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னதும் அறையில் தோள்கள் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இரண்டாவது, தலைப்பு. "புகாரைக் குறைப்பது எப்படி" மாதிரியான திறந்த தலைப்பில் யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம். ஆகவே பேச்சுக்காரர்தான் ஜெயிப்பார். முடிவு ஒன்று எடுத்தே ஆக வேண்டிய வேலையைக் கொடுங்கள். நான் செய்வது இது: குழுவில் ஆறு பேர், ஆளுக்கு ஓர் அட்டை. பெரும்பாலான தகவல் எல்லா அட்டையிலும் பொது. ஒவ்வொரு அட்டையிலும் வேறு யாரிடமும் இல்லாத ஒரே ஒரு வரி இருக்கும். அந்த ஆறு வரிகளும் மேசைக்கு வந்தால்தான் சரியான முடிவு கிடைக்கும். 1985ல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இருவர் நடத்திய சோதனையிலிருந்து எடுத்துக்கொண்டது இது. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே குழுக்கள் திரும்பத் திரும்பப் பேசும், ஒருவரிடம் மட்டும் இருக்கும் தகவல் வெளியே வராமலே போய்விடும் என்று அவர்கள் காட்டினார்கள். தேர்வாளருக்கு இது நல்ல கருவி. "உங்கள் அட்டையில் வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் ஆள் யார்? அந்த ஒரு கேள்வி பத்து நிமிடப் பேச்சுக்குச் சமம்.

மூன்றாவது, எட்டு பேர் வேண்டாம், ஆறு பேர் போதும். பார்ப்பவர் மூவர் என்றால் ஆளுக்கு இருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், பாதி நேரத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோரும் எல்லோரையும் பார்த்தால் மூவரும் பார்ப்பது பேசிக்கொண்டிருக்கும் ஒருவரைத்தான். அறிமுகம் சொல்லி, நேரம் பார்த்துக்கொள்பவர் நாலாவது ஆளாக இருக்கட்டும். அவர் மதிப்பெண் போட வேண்டாம்.

தாளில் குணத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். "தன்னம்பிக்கை உள்ளவர்" என்பது உங்கள் தீர்ப்பு. "மூன்றாவது நபர் பேச்சை இரண்டு முறை வெட்டினார்", "முன்பு சொன்ன யோசனையைச் சொன்னவர் பேரோடு திரும்ப எடுத்தார்" என்பதெல்லாம் கண்ணால் கண்டது. தீர்ப்பைக் கடைசியில் எழுதலாம், கண்டதை அப்புறம் எழுத முடியாது.

அப்புறம் வெள்ளைப் பலகையை அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அளவுகோல்

மூன்று நாற்காலி எழுதியது அருமை. ஆனாலும் நான் மாற்றுக் கருத்து சொல்லியே ஆக வேண்டும்.

நேர்காணல் மதிப்பெண்ணுக்கும் பிறகு வேலையில் காட்டும் திறமைக்கும் எவ்வளவு தொடர்பு என்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கணக்கிட்டு வருகிறார்கள். பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022ல் பழைய கணக்குகளைத் திருத்திப் போட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், முன்பே எழுதிவைத்த அளவுகோல் என்று நடத்தும் கட்டமைத்த நேர்காணலுக்கு 0.42 வந்தது. மனம்போன போக்கில் நடத்துவதற்கு 0.19. முழுப் பொருத்தம் என்றால் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வரிசைப்படுத்திய முறைகளில் கட்டமைத்த நேர்காணல்தான் முதலிடம்.

ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்து ஒரே எட்டுக் கேள்விகளை 60 பேரிடமும் கேட்டால், ஆளுக்கு 25 நிமிடம். மொத்தம் 25 மணி நேரம். இரண்டு அணிகளாகப் பிரிந்தால் இரண்டு நாள். குழு நேர்காணலுக்கு அட்டை தயாரித்து, பத்துக் குழு நடத்தி, நாலு பேரை உட்கார வைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுமேசை, "நாள் இல்லை" என்பதை இன்னொரு தரம் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, தனி நேர்காணலில் நான் என்ன பதில் சொல்கிறேன் என்பது என் கையில். குழுவில் எனக்கு வாய்ப்பு கிடைப்பதே பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்பதைப் பொறுத்தது. அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்து ஒருவர் பிழைப்பை முடிவு செய்வது நியாயமா?

கடைசி வரிசை

நான் தேர்வாளர் அல்ல. மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். அதையும் யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் போன ஒரு நிறுவனத்தில், குழு நேர்காணல் என்று முன்கூட்டிச் சொல்லவே இல்லை. அறைக்குள் போனால் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தைய இரவு முழுக்க என் வேலை அனுபவத்தை எப்படிச் சொல்வது என்று தயாரித்தது எல்லாம் வீண். நுழைந்த உடனே, "உங்களில் யார் இந்த வேலைக்குத் தகுதி இல்லாதவர் என்று நினைக்கிறீர்கள்? ஒரு பேர் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். என் பக்கத்தில் இருந்தவர் எனக்கு முன்பின் தெரியாதவர். வரவேற்பறையில் அவர் பாட்டில் தண்ணீரை எனக்குக் கொடுத்திருந்தார். அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் பேர் எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே கழிக்கப்பட்டேனா தெரியாது. முடிவு மின்னஞ்சலில் வரும் என்றார்கள், வரவில்லை.

இதை நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள்: குழுவாகத்தான் நடக்கும், எத்தனை பேர், எவ்வளவு நேரம், எதைப் பார்ப்போம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். ஒருவரை ஒருவர் கழிக்கச் சொல்லாதீர்கள். தேர்வாகாதவர்களுக்கும் இரண்டு வரி பதில் அனுப்புங்கள். அறுபது பேரில் 48 பேர் உங்களிடம் வேலை செய்யப் போவதில்லை. அவர்கள் உங்கள் நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப்போவது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

நடுமேசை

கடைசி வரிசை, உங்கள் பதிவை எங்கள் அணியில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். போன வருடம் நாங்களும் பாதிப் பேருக்குப் பதில் போடவில்லை. இந்த முறை பதில் கடிதத்தை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் அழைப்பை அனுப்பப் போகிறேன்.

அளவுகோல், கணக்கு சரிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு சிக்கலை அவிழ்க்கும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை தனி நேர்காணலில் அவர் வாயால் சொல்லித்தானே கேட்க முடியும்? நான் நன்றாகக் கேட்பேன் என்று எல்லோரும் சொல்வார்கள். மார்க்கர்காரரும் சொல்லியிருப்பார்.

அளவுகோல்

அது நியாயமான கேள்வி. சரி, ஓர் இடைவழி சொல்கிறேன். குழுவில் எதைப் பார்க்க முடியுமோ அதை மட்டும் அங்கே பாருங்கள்: கேட்பது, தகவலைச் சேர்ப்பது, முரண்பாட்டைக் கையாள்வது. மூன்றே விஷயம். அனுபவம், அறிவு, இந்த வேலைக்கு ஏன் வருகிறார் என்பதையெல்லாம் குழு அறையில் அளக்கவே வேண்டாம். அவற்றுக்கு அடுத்த சுற்றில் சிறிய தனி நேர்காணல், எல்லோருக்கும் ஒரே கேள்விகள். இரண்டு மதிப்பெண்ணையும் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். குழுச் சுற்றில் தெளிவாகத் தவறு செய்தவர்களை மட்டும் கழியுங்கள். சுமாராகத் தெரிந்தவரை அந்த ஒரு சுற்றை வைத்துக் கழிக்காதீர்கள்.

மதிப்பெண்ணை வாய் திறக்கும் முன் எழுதிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சாலமன் ஆஷ் 1951ல் நடத்திய கோடுகள் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். காட்டிய கோட்டுக்குச் சமமான நீளம் எந்தக் கோடு என்பது கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்போதே, மற்றவர்கள் எல்லோரும் தவறாகச் சொன்னால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அந்தத் தவறின் பக்கம் சாய்ந்தன. கோட்டின் நீளத்துக்கே அப்படி என்றால், மேலாளர் அறையை விட்டு வெளியே வந்ததும் "அந்த நீலச் சட்டை நல்லா பண்ணாரு" என்று சொன்ன பிறகு மற்ற இருவர் தாளும் என்ன ஆகும்? உங்கள் மூவர் தாளிலும் ஒரே சொல் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். எழுதும் முன் பேசிக்கொண்டீர்களா?

நடுமேசை

பேசிக்கொண்டோம். தேநீர் இடைவேளையில்.

நிதானம்

எனக்குத் திக்குவாய் உண்டு. பதினைந்து வருடமாக மென்பொருள் ஆதரவுப் பணியில் இருக்கிறேன். குழு நேர்காணலில் இதுவரை ஒரு தடவைகூட நான் தேர்வானதில்லை. கிடைத்த வேலை எல்லாம் வேறு வழியில் கிடைத்தவை. எனக்குத் தேவை பரிதாபம் அல்ல, வாக்கியத்தைத் தொடங்க மூன்று நொடி மட்டும். குழுவில் அந்த மூன்று நொடிக்குள் வேறொருவர் நுழைந்துவிடுவார்.

செய்யக்கூடியவை இருக்கின்றன. பேச்சு தொடங்கும் முன் அட்டையைப் படிக்க முழுதாகப் பத்து நிமிடம் அமைதியாகக் கொடுங்கள், ஒவ்வொருவரும் தன் யோசனையை ஒரு தாளில் எழுதட்டும். முதல் சுற்றில் ஆளுக்கு ஒரு நிமிடம், யாரும் குறுக்கிடக்கூடாது. அதன்பின் திறந்த பேச்சு. கடைசியில் ஐந்து நிமிடம், "சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போனது என்ன?" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளையும் மதிப்பெண்ணில் சேருங்கள். காது மந்தமானவர்களுக்கும், அலுவலக மொழி இரண்டாம் மொழியாக இருப்பவர்களுக்கும் இது உதவும். அழைப்பிலேயே, "வேறு ஏற்பாடு வேண்டுமென்றால் சொல்லுங்கள், அது மதிப்பெண்ணைப் பாதிக்காது" என்று ஒரு வரி எழுதினால் போதும், கேட்பவர்கள் கேட்பார்கள்.

காணொளியில் நடத்துவதாக இருந்தால் நாலு பேருக்கு மேல் வேண்டாம். அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் தொடங்கினால் இருவரும் நின்றுவிடுவார்கள், துணிந்தவர் மட்டும் தொடர்வார். கையை உயர்த்தும் பொத்தானைப் பயன்படுத்தச் சொல்லி, வரிசையை நடத்துபவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாற்காலி

நிதானம் சொன்ன கடைசித் தாளை நான் இதுவரை செய்ததில்லை. இந்த மாதத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறேன். நன்றி.

நடுமேசை

நேற்று முதல் இரண்டு குழு முடிந்தது. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் தயாரித்த வேலை: ஒரு சேவை மையம், நிலுவையில் ஒன்பது புகார்கள், இரண்டு நாள். எதை முதலில் எடுப்பது, யார் எதைச் செய்வது என்று ஆறு பேரும் சேர்ந்து ஓர் அட்டவணை போட வேண்டும். நாலாம் எண் அட்டையில் மட்டும், இரண்டாம் நாள் மதியம் பராமரிப்புக்காகக் கணினிகள் இயங்காது என்று ஒரு வரி. அது தெரியாமல் போட்ட அட்டவணை எதுவும் நிற்காது.

முதல் குழுவில் நாலாம் அட்டை ஒரு மெல்லிய குரல் இளைஞரிடம் போனது. தன் ஒரு நிமிடத்தில் அதைச் சொன்னார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை. திறந்த பேச்சில், "மதியம் கணினி..." என்று மறுபடி தொடங்கினார். இன்னொருவர் குரல் மேலே ஏறியது. அட்டவணை பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. அப்போது எதிர் நாற்காலியில் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு நிமிடம், இவர் இரண்டாவது தடவை எதையோ சொல்ல வருகிறார். மதியம் என்ன ஆகும்?" என்றார். மேசையே நின்றது. அட்டவணை முழுதும் மாறியது. அந்தப் பெண் அதற்கு முன்னும் பின்னும் அதிகம் பேசவில்லை. போன வருடத் தாள் கையில் இருந்திருந்தால் அவர் பேருக்கு நேரே காலியாகத்தான் விட்டிருப்பேன். இந்த முறை அவரைப் பார்க்க வேண்டிய ஆள், அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்திருந்தார்.

இளைஞருக்கும் குறிப்பு இருந்தது: முக்கியமான தகவலை இரண்டு முறை சொல்ல முயன்றார், விட்டுவிடவில்லை.

மதிப்பெண்ணைத் தனித்தனியாக எழுதி உறையில் போட்ட பிறகே வெளியே வந்தோம். ஒப்பிட்டபோது இரண்டு பேர் விஷயத்தில் எங்களுக்குள் பெரிய வித்தியாசம். அரை மணி நேரம் பேசினோம், கண்டதை எழுதியிருந்ததால் பேச ஏதோ இருந்தது.

ஒரு சந்தேகம் மட்டும். இரண்டாம் குழு மிக வலுவான குழு. அங்கே நடுத்தரமாகத் தெரிந்த ஒருவர், முதல் குழுவில் இருந்திருந்தால் முதல் ஆளாகத் தெரிந்திருப்பார் என்று தோன்றுகிறது. இதை எப்படிச் சமாளிப்பது?

மூன்று நாற்காலி

உள்ளுக்குள் வரிசைப்படுத்தாதீர்கள். குழுவில் இவர் எத்தனாவது என்ற கேள்வியே தாளில் இருக்கக்கூடாது. மூன்று விஷயத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை என்றால், ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன நடந்திருக்க வேண்டும் என்று முன்பே ஒரு வரி எழுதி வையுங்கள். உதாரணமாக, கேட்பதில் ஐந்து என்றால், அமுங்கிப்போன ஒருவர் தகவலை மீட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். மூன்று என்றால், பிறர் சொன்னதன் மேல் தன் கருத்தைக் கட்டினார். ஒன்று என்றால், பிறர் பேச்சைத் தொடர்ந்து வெட்டினார். அந்த வரியோடு ஆளை ஒப்பிடுங்கள், பக்கத்து நாற்காலியோடு அல்ல. பத்துக் குழுவும் முடியும்வரை யாரையும் எடுத்தோம், கழித்தோம் என்று முடிவு செய்யாதீர்கள்.

வரிகளை எழுதிய பிறகு, நேற்று நடந்த இரண்டு குழுக்களின் குறிப்புகளை மறுபடி எடுத்து மதிப்பெண் போட்டுப் பாருங்கள். அந்த நடுத்தர ஆள் எங்கே வருகிறார் என்று தெரிந்துவிடும்.

நடுமேசை

இன்று மாலை போட்டுப் பார்த்தோம். அவருக்கு நாலு, நாலு, மூன்று. முடிவு மட்டும் பத்துக் குழுவும் முடிந்த பிறகுதான். மூன்றாம் குழு வியாழக்கிழமை. நாலாம் அட்டை விஷயம் வெளியே பரவியிருக்கலாம் என்பதால் புதிய அட்டைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசி வரிசை

நடுமேசை, நேற்றைய 12 பேரில் தேர்வாகாதவர்களுக்குப் பதில் எப்போது போகும்?

நடுமேசை

பத்துக் குழுவும் முடிந்த மறுநாள். அந்தத் தேதியை எல்லோருக்கும் எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம்.